ஒரு மார்க் கேள்வியும் 174 கெஜமும்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. ஊர்ல இருந்த வரைக்கும் கோல்ஃப்னா பழைய படத்துல கதாநாயகியோட பணக்கார அப்பா ஆடற ஆட்டம். அவர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு கட்டையை ஓங்குவார், பின்னாடி ஒருத்தர் பையைத் தூக்கிக்கிட்டு நிப்பார். அந்தப் பை தூக்கறவருக்குப் பேரு கேடின்னு இங்க வந்த புதுசுல கேட்டப்போ சிரிப்பை அடக்க முடியல. நம்ம ஊர்ல கேடின்னா போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ மாட்டியிருக்கும். :-)

அப்படிப்பட்ட நான் கோல்ஃபைப் பத்தி இவ்வளவு நீளமா எழுதறதுக்குக் காரணம் ஒரு மணல் பள்ளம்.

நான் எம்.எஸ்சி. படிக்க வந்த ஊர் டண்டீ. ஸ்காட்லாண்டோட கிழக்குக் கரையில, டே ஆறு கடல்ல கலக்கற இடம். ஆத்துப் பாலத்தைத் தாண்டி அரை மணி நேரம் பஸ்ல போனா செயின்ட் ஆண்ட்ரூஸ். கோல்ஃப் பைத்தியங்களுக்கு இந்த ஊர் காசி மாதிரி. உலகம் பூரா இருந்து வந்து, சீட்டுக் குலுக்கல்ல பேர் வருமான்னு காத்துக் கிடந்து, ஓல்ட் கோர்ஸ்ங்கற மைதானத்துல ஒரு தடவை ஆடிட்டுப் போவாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை அங்க ஆட்டம் கிடையாது. அது ஊருக்குச் சொந்தமான பொது நிலம், அதனால அன்னிக்கு யார் வேணா உள்ள நடக்கலாம். நாயைக் கூட்டிக்கிட்டு வர்றவங்க, தள்ளுவண்டியில குழந்தை, காதலர்கள், அப்புறம் காசில்லாத என்னை மாதிரி வெளிநாட்டு மாணவிகள்.

அது ஒரு பிப்ரவரி ஞாயிறு. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்திருந்த வாரம். ஒரு பேப்பர் புட்டுக்கிச்சு.

பிரிட்டன்ல மாஸ்டர்ஸ் ஒரே வருஷம்தான். சேரும்போது அதுதான் பெரிய கவர்ச்சி. ஒரு வருஷ வாடகை மிச்சம், ஒரு வருஷ வட்டி மிச்சம்னு அப்பா பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேங்க்ல கடன் வாங்கினார். சின்னப் படிப்பு, சட்டுனு முடிஞ்சிடும்னு நினைச்சோம். சின்னதுக்கு இன்னொரு முகம் இருக்குன்னு அந்த வாரம்தான் தெரிஞ்சுது. ஊர்ல மூணு வருஷ டிகிரியில முதல் செமஸ்டர் சொதப்பினா அடுத்த அஞ்சு செமஸ்டர்ல தூக்கி நிறுத்திக்கலாம். இங்க சொதப்பினதை உணர்றதுக்குள்ள பாதிப் படிப்பு முடிஞ்சு போச்சு. திரும்பி ஊருக்கே போயிடலாமான்னு யோசிச்சுக்கிட்டே நடந்தேன்.

காத்துன்னா அப்படி ஒரு காத்து. ஈடன் ஆத்து முகத்துவாரம் பக்கமா வந்தப்போ ஒரு பச்சை மேட்டுக்கு ஓரத்துல ஆழமா ஒரு மணல் பள்ளம். இந்தப் பள்ளங்களுக்கு பங்கர்னு பேர். அந்தக் காலத்துல ஆடுங்க காத்துக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்து உண்டானதுன்னு சொல்வாங்க. நானும் அதே காரணத்துக்குத்தான் இறங்கினேன். என் உயரம் அஞ்சடி ரெண்டங்குலம். உள்ள நின்னா மண் சுவரும் ஆகாசமும் தவிர ஒண்ணும் தெரியல. மேலேருந்து ஒரு குரல். நாயோட ஒரு தாத்தா. திட்டப் போறார்னு நினைச்சேன். "ஏறி வரும்போது உன் காலடியை வாரிவிட்டுட்டு வாம்மா" அப்படிங்கற மாதிரி சொல்லிட்டு ஓரத்துல கிடந்த வாரு கட்டையைக் காட்டினார். நான் வாரிவிட்டு ஏறினதும் சிரிச்சுக்கிட்டே இன்னொண்ணு சொன்னார்: "1921ல பாபி ஜோன்ஸாலயே இங்கேருந்து வெளிய வர முடியல."

பாபி ஜோன்ஸ் யாருன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் லைப்ரரில உட்கார்ந்து, நான் படிக்க வேண்டிய புத்தகத்தைத் தவிர மத்த எல்லாத்தையும் படிச்சேன். அதோட விளைவுதான் இது.

கோல்ஃப் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஹோல்னா கடைசியில இருக்கற குழி மட்டும் இல்ல. ஆரம்பிக்கிற இடத்துலேருந்து (அதுக்குப் பேர் டீ, குடிக்கிறது இல்ல) குழி வரைக்குமான மொத்தப் பாதைக்கும் அதே பேர்தான். நான் குழின்னே எழுதறேன். 18 குழி சேர்ந்தா ஒரு சுற்று. குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரைக்கு கிரீன்னு பேர். கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடியில முடிக்கணுமோ அதுக்குப் பேர் பார். குட்டைக் குழிக்கு பார் 3, நடுத்தரத்துக்கு 4, நெடுங்குழிக்கு 5. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1911ல இதுக்கு அளவுகோல் போட்டப்போ 225 கெஜம் வரைக்கும் 3, 425 வரைக்கும் 4, 600 வரைக்கும் 5, அதுக்கு மேல போனா 6னு வச்சாங்க. ஒரு கெஜம் மீட்டரை விடக் கொஞ்சம் கம்மி.

பாத்த உடனே நமக்கு என்ன தோணும்? நெடுங்குழிதான் கஷ்டம், குட்டைக் குழி சின்னப் பசங்க சமாச்சாரம். நானும் அப்படித்தான் நினைச்சேன். இந்த ஊர்ல 250 வருஷத்துக்கு முன்னாடியே அப்படித்தான் நினைச்சிருக்காங்க. அந்த நினைப்புலேருந்துதான் 18ங்கற எண்ணே பொறந்துது.

எப்படின்னு கேளுங்க. அப்போ செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஒரு சுற்றுன்னா 22 குழி. கடற்கரையோரமா 11 குழி போகணும், அதே வழியில 11 குழி திரும்பி வரணும். ஊர்ல இருந்த பெரிய மனுஷங்க 1754ல சேர்ந்து ஒரு கோல்ஃப் சங்கம் ஆரம்பிச்சிருந்தாங்க. 1764ல அந்தச் சங்கத் தலைவர் வில்லியம் செயின்ட் க்ளேர் அந்த 22 குழியை 121 அடியில முடிச்சார். இன்னைக்குக் கணக்குல குழிக்கு அஞ்சரை அடி, ரொம்ப சுமார். ஆனா அன்னிக்கு அது பெரிய சாதனை. அதே வருஷம் அக்டோபர்ல சங்கம் கூடி, முதல் நாலு குழி ரொம்பக் குட்டையா இருக்கு, அதை ரெண்டாக்கிடலாம்னு முடிவு பண்ணிச்சு. போற வழியில ரெண்டு குறைஞ்சா வர்ற வழியிலயும் ரெண்டு குறையுமில்லையா, 22 போய் 18 ஆச்சு. பின்னாடி உலகம் பூரா இந்த 18ஐத்தான் காப்பியடிச்சுது. குட்டைக் குழி மதிப்பில்லைங்கற ஒரு முடிவுதான் இன்னைக்கும் கோல்ஃபோட அடித்தளமா இருக்கு.

அப்புறம் வந்தது நீளத்தோட காலம். இதுக்குக் காரணம் பந்து. ஆரம்பத்துல பந்துங்கறது தோல் பைக்குள்ள வேகவச்ச வாத்து இறகைத் திணிச்சுத் தைக்கறது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேணும்னு கணக்கு. ஒரு கைவினைஞர் நாளெல்லாம் உட்கார்ந்தா மூணு நாலு பந்துதான் தேறும், அதனால விலை பயங்கரம். மழையில நனைஞ்சா பிஞ்சு போகும். 1848 வாக்குல கட்டாபெர்ச்சாங்கற மலேயா காட்டு மரப்பால்ல பந்து செய்ய ஆரம்பிச்சாங்க. சுடுதண்ணியில போட்டு உருட்டினா பந்து ரெடி, உடைஞ்சா திரும்ப உருட்டிக்கலாம். இந்த ஊர்ல அதுக்கு ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கிழக்கேருந்து ஒரு வீட்டுக்கு பெட்டியில வந்த விஷ்ணு சிலை உடையாம இருக்க இந்தப் பிசினைச் சுத்தி அடைச்சு அனுப்பியிருந்தாங்களாம், அதை உருட்டித்தான் முதல் பந்து பண்ணினாங்களாம். கதையோ நிஜமோ, கோல்ஃபுக்குள்ள பெருமாள் நுழைஞ்ச கதையைக் கேட்டதும் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பந்து மலிவானதும் கூட்டம் சேர்ந்துது. 1898ல அமெரிக்காவுல ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இழுத்துச் சுத்தி உள்ளுக்குள்ள வச்ச பந்தைக் கண்டுபிடிச்சார். 1902ல சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால பிரிட்டிஷ் ஓபனை ஜெயிச்சதும் பழைய பந்து செத்துது. புதுப் பந்து இன்னும் தூரம் போச்சு. பந்து தூரம் போனா நெடுங்குழி நடுத்தரக் குழியாயிடும். உடனே டீயைப் பின்னாடி தள்ளணும். அன்னிக்கு ஆரம்பிச்ச இந்த ஓட்டப்பந்தயம் இன்னும் நிக்கல. ஓல்ட் கோர்ஸ்ல 1990 ஓபன் நடந்தப்போ மொத்த நீளம் 6,933 கெஜம். 2022 ஓபன்ல 7,313. பேர்போன 17வது குழியை 2010 ஓபனுக்காக 455லேருந்து 495 கெஜமா இழுத்தாங்க. எத்தனை தடவைதான் இழுக்கறது? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஊர். கடைசியில ஆட்ட விதிகளை எழுதற ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்க சங்கமும் 2023 டிசம்பர்ல பந்துக்கே கடிவாளம் போடறோம், சோதனை விதியை இறுக்கறோம்னு அறிவிச்சாங்க.

நெடுங்குழியை நான் குறை சொல்லல. அதுல ஒரு கதை இருக்கு. ஆரம்பம், நடு, முடிவுன்னு மூணு பாகம். ஸ்காட்லாண்டோட மேற்குக் கரையில பிரெஸ்ட்விக்னு ஒரு ஊர். முதல் ஓபன் போட்டி 1860ல அங்கதான் நடந்துது, மொத்தமே எட்டுப் பேர் ஆடினாங்க. 12 குழி மைதானம், அதுல முதல் குழியே 578 கெஜம். அதை அமைச்சவர் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரரான ஓல்ட் டாம் மாரிஸ். இவர் பையன் யங் டாம் 1870 ஓபன்ல அந்த 578 கெஜத்தை மூணே அடியில முடிச்சான். மரக் கட்டை, மரப்பால் பந்து, 19 வயசு. மூணாவது அடியில பந்து நேரா குழிக்குள்ள. அந்த வருஷத்தோட தொடர்ந்து மூணு தடவை ஜெயிச்சதால பரிசு பெல்ட்டையே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். கொடுக்கப் பரிசு இல்லாம 1871ல போட்டியே நடக்கல. 1875ல பிரசவத்துல மனைவியும் குழந்தையும் போனாங்க, அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவனும் போயிட்டான். 24 வயசு. செயின்ட் ஆண்ட்ரூஸ்ல இடிஞ்ச கதீட்ரல் வளாகத்துல அவன் கல்லறை இருக்கு. கல்லுல அவன் பந்தை அடிக்கக் குனிஞ்ச மாதிரியே செதுக்கியிருக்காங்க. அங்க நின்னா யாருக்கும் கொஞ்சம் தொண்டை அடைக்கும்.

சரி, குட்டைக்கு வருவோம். பிரெஸ்ட்விக்குக்குப் பக்கத்துலயே ட்ரூன்னு ஒரு ஊர். அங்க ராயல் ட்ரூன் மைதானத்துல ஒரு வேடிக்கை. 2024 ஓபன்ல அங்க 6வது குழி 623 கெஜம், ஓபன் சரித்திரத்துலயே மிக நீளம். ஒரே ஒரு குழி தள்ளி 8வது குழி 123 கெஜம், ஓபன் நடக்கற மைதானங்கள்லயே மிகக் குட்டை. கிரீன் அவ்வளவு சின்னதா இருக்கறதால அதுக்குப் பேரே தபால்தலை. சுத்தி ஆழமான பங்கர்கள், கடல் காத்து.

இந்தத் தபால்தலையில நடந்த ரெண்டு கதையைப் பாருங்க. 1950 ஓபன்ல ஹெர்மன் டிஸ்ஸீஸ்னு ஒரு ஜெர்மன்காரர் இந்த மூணடிக் குழிக்கு 15 அடி எடுத்துக்கிட்டார். ஒரு பங்கர்லேருந்து அடிச்சா அடுத்த பங்கர், அங்கேருந்து அடிச்சா மறுபடியும் பங்கர். 1973 ஓபன்ல ஜீன் சாரசன். 1923ல இதே ட்ரூனுக்கு வந்து தகுதிச் சுத்துலயே வெளியேறினவர். அம்பது வருஷம் கழிச்சு 71 வயசுல வந்து ஆடினார். ஒரே அடி, பந்து நேரா குழிக்குள்ள. மறுநாள் அதே குழியில பந்து பங்கர்ல விழுந்துது. அங்கேருந்து ஒரே அடியில குழிக்குள்ள போட்டு ரெண்டுல முடிச்சார். ரெண்டு நாளும் பந்தைத் தட்டி உருட்டற கட்டையை அந்தக் குழியில அவர் எடுக்கவே இல்ல.

71 வயசுக்காரரால 623 கெஜக் குழியில இப்படிப் பண்ண முடியுமா? சத்தியமா முடியாது. அங்க தோள் வலு வேணும். 123 கெஜத்துல தாத்தாவும் சாம்பியனும் ஒண்ணு. குட்டைக் குழியோட மொத்தக் கவர்ச்சியும் இதுலதான் இருக்கு. அதோட பயமும் இதுக்குள்ளயேதான் இருக்கு.

எனக்குப் புரிஞ்ச வகையில சொல்றேன். ஸ்கூல் கேள்வித்தாளை நினைச்சுக்கோங்க. பத்து மார்க் கேள்வில கதை அளந்து, படம் போட்டு, அடிக்கோடு இழுத்து, அஞ்சு மார்க்காவது தேத்திடலாம். ஒரு மார்க் கேள்வில அந்தப் பருப்பு வேகாது. சரி, இல்லைன்னா தப்பு. நெடுங்குழில முதல் அடி கோணலாப் போனா ரெண்டாவதுல சரி பண்ணலாம், மூணாவதுல கிரீனுக்கு வந்துடலாம். குட்டைக் குழில முதல் அடியே கிரீன்ல விழணும். விழலைன்னா அங்கேயே ஒரு மார்க் போச்சு.

அதனால கைதேர்ந்தவங்களுக்கு ஒரு தலைகீழ் கணக்கு இருக்கு. அமெரிக்காவுல அகஸ்டா நேஷனல்ல வருஷா வருஷம் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும். அங்க 12வது குழி 155 கெஜம், பார் 3, முன்னாடி ஓடை. அடுத்த 13வது குழி 500 கெஜத்துக்கு மேல, பார் 5. இத்தனை வருஷக் கணக்குல 12க்கு சராசரி மூணுக்கு மேல, 13க்கு சராசரி அஞ்சுக்குக் கீழ. அதாவது உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரர்கள் குட்டையில நஷ்டப்பட்டு நெடுசுல லாபம் பாக்கறாங்க. 2016ல ஜார்டன் ஸ்பீத் கடைசி நாள் பாதி ஆட்டத்துல அஞ்சு அடி முன்னிலை. 12வதுல ரெண்டு தடவை பந்து தண்ணியில. மூணுக்கு ஏழு. கோப்பை டேனி வில்லெட்டுக்குப் போச்சு. 2020ல முந்தின வருஷ சாம்பியன் டைகர் வுட்ஸ் அதே இடத்துல மூணு பந்தை ஓடையில போட்டு 10 அடி எடுத்தார். இன்னொரு விஷயம் கவனிங்க. 13வது குழியை நீட்டறதுக்காக அகஸ்டாக்காரங்க 2017ல பக்கத்து கிளப்கிட்டேருந்து நிலமே வாங்கினாங்க, 2023ல 510லேருந்து 545 கெஜமா ஆக்கினாங்க. பக்கத்துலயே இருக்கற 12 அதே 155லதான் இருக்கு. யாரும் அதை நீட்ட வேண்டிய அவசியமே வரல.

ஆனா என்னை மாதிரி சாமானியருக்கு இந்தக் கணக்கு திரும்பவும் மாறும். கிளப் ஸ்கோர் அட்டைகள்ல குழிகளைக் கஷ்டத்துக்கு ஏத்த மாதிரி 1லேருந்து 18 வரைக்கும் வரிசைப்படுத்தியிருப்பாங்க. பெரும்பாலும் கடைசி இடங்கள்ல, அதாவது சுலபம்ங்கற பட்டியல்ல, பார் 3 குழிகள்தான் இருக்கும். சாதாரண ஆட்டக்காரருக்கு தூரம்தான் எமன். ஆக, குட்டைக் குழி பலசாலியை இறக்கி, சாமானியனை ஏத்தி, ரெண்டு பேரையும் ஒரே தரையில நிறுத்துது. 1764ல கூடின பெரிய மனுஷங்களுக்கு இது பிடிக்காம போனதுல ஆச்சரியம் இல்ல.

குட்டைக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு, அது கொஞ்சம் கசப்பு. பொம்பளைங்க தோளுக்கு மேல கட்டையை ஓங்கறது அழகில்லைன்னு நினைச்ச காலம். 1867ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பெண்களுக்குன்னு ஒரு கிளப் வந்துது. அவங்களுக்குக் கிடைச்ச இடம் ஓல்ட் கோர்ஸ் பக்கத்துல மேடும் பள்ளமுமா ஒரு துண்டு நிலம். உருட்டி மட்டும் விளையாடலாம். நீளம் ஆம்பளைக்கு, குட்டை பொம்பளைக்கு. பக்கத்துல இருக்கற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினரா சேர்க்க ஓட்டுப் போட்டது 2014லதான். நம்புங்க, 2014. ஆனா அந்தத் துண்டு நிலத்தை அந்தப் பெண்கள் விடல. ஹிமாலயாஸ்னு பேர் வச்சு, இன்னைக்கு சில பவுண்ட் கொடுத்தா யார் வேணா ஆடலாம். நான் ஆடின ஒரே கோல்ஃப் அதுதான். என் ரூம்மேட் அக்காவும் நானும் ஒரு ஜூன் மாச சாயங்காலம் போனோம். எங்களுக்கு முன்னாடி ஒரு பாட்டியும் ஏழு வயசுப் பேத்தியும். பேத்தி என்னை விட நல்லா ஆடினா.

இப்போ அந்த மணல் பள்ளத்துக்குத் திரும்பறேன். ஓல்ட் கோர்ஸ்ல பார் 3 மொத்தமே ரெண்டுதான், 8ம் 11ம். 11வது குழி 174 கெஜம். கிரீன் முன்பக்கமா சரிஞ்சு இருக்கும், பின்னாடி ஈடன் முகத்துவாரம், முன்னாடி ஸ்ட்ராத் பங்கர், இடது பக்கம் நான் ஒதுங்கின ஹில் பங்கர். 1921 ஓபனுக்கு அட்லான்டாலேருந்து வந்த பாபி ஜோன்ஸுக்கு 19 வயசு. முதல் தடவை செயின்ட் ஆண்ட்ரூஸ். மூணாவது சுத்துல காத்து. முதல் ஒன்பது குழிக்கு 46 அடி, பத்தாவதுக்கு 6, பதினோராவதுல ஹில் பங்கர். அடிக்கறார், பந்து வெளிய வரல. திரும்ப அடிக்கறார், வரல. கடைசியில பந்தைக் கையில எடுத்துட்டார். கோல்ஃப்ல அதுக்கு அர்த்தம், ஆட்டத்துலேருந்து நான் விலகிக்கறேன். ஸ்கோர் அட்டையைக் கிழிச்சுக் காத்துல விட்டார்னு ஊர்க்கதை. கிழிச்சாரோ இல்லையோ, வாழ்நாள் பூரா அவர் வெட்கப்பட்ட விஷயம் அது.

அப்புறம்? திரும்பி வந்தார். 1927ல அதே ஓல்ட் கோர்ஸ்ல ஓபன் ஜெயிச்சார். 1930ல பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் அங்கயே ஜெயிச்சார், அந்த வருஷம் நாலு பெரிய பட்டமும் அவருக்குத்தான். 1958ல ஊரே கூடி அவருக்கு கௌரவக் குடியுரிமை கொடுத்துது. அவருக்கு முன்னாடி அந்த மரியாதை கிடைச்ச அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், 1759ல. ஓல்ட் கோர்ஸோட 10வது குழிக்கு இன்னைக்குப் பேர் பாபி ஜோன்ஸ். பார்த்தீங்கன்னா, அன்னிக்கு அவர் 6 எடுத்த குழி அது.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது கோப்பைங்க இல்ல. ஆட்டத்துலேருந்து ஓய்வு பெற்ற அப்புறம் ஜோன்ஸ், அலிஸ்டர் மெக்கன்சியோட சேர்ந்து சொந்தமா ஒரு மைதானம் அமைச்சார். அதுதான் மேல சொன்ன அகஸ்டா நேஷனல். அங்க 4வது குழியை எதை மாதிரியா வச்சு அமைச்சாங்க தெரியுமா? செயின்ட் ஆண்ட்ரூஸ் 11ஐ. தன்னை அவமானப்படுத்தின அந்தக் குட்டைக் குழியை ஆள் கொண்டுபோய் தன் வீட்டுத் தோட்டத்துல நட்டு வச்சிருக்கார்.

இந்த 11வது குழியைத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போன முதல் ஆள் ஜோன்ஸ் இல்ல. 1872ல சிகாகோலேருந்து 16 வயசுல ஒரு பையன் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் படிக்க வந்தான். சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட். தாத்தா வீட்டுல தங்கிப் படிச்சான், ஓல்ட் டாம்கிட்ட கட்டை வாங்கி ஆட்டம் கத்துக்கிட்டான். ஊருக்குத் திரும்பினா அங்க ஆட மைதானமே இல்ல. கிட்டத்தட்ட இருபது வருஷம் பொறுத்து அமெரிக்காவோட முதல் 18 குழி மைதானத்தை அமைச்சார். பிறகு ஸ்காட்லாண்டுக்கும் இங்கிலாந்துக்கும் திரும்பத் திரும்ப வந்து, நல்ல குழிகளை அளந்து வரைஞ்சுக்கிட்டுப் போய், நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ்னு ஒண்ணு கட்டினார். 1911ல அது முறைப்படி திறந்துது. அதுல மூணே பார் 3. ரீடன், ஷார்ட், ஈடன். ஈடன்ங்கறது நம்ம 11தான். அதைப் பாத்து அமெரிக்கா பூரா மத்த மைதானங்களும் அந்த மூணு குட்டைக் குழியையும் காப்பியடிச்சுது. வெளிநாட்டுல படிக்க வந்த ஒருத்தர் ஊருக்கு எடுத்துட்டுப் போறதுக்கு எத்தனையோ பெரிய விஷயம் இருந்தும், 174 கெஜம் உள்ள ஒண்ணு அவர் கூடவே போயிருக்கு. சின்னதுங்கறது மறக்க முடியாததா இருக்கலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

பிப்ரவரில அன்னிக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி ஃபெயில் ஆனதைச் சொல்லிட்டேன். ரெண்டு நிமிஷம் அந்தப் பக்கம் பேச்சே இல்ல. அப்புறம், "ஒரு வருஷம்தானேம்மா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" அப்படின்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துது. ஒரு வருஷம்தானேங்கறதுதான் அப்பா பிரச்சினையே, நீளமா இருந்திருந்தா சமாளிச்சிருப்பேனேன்னு சொல்ல நினைச்சு சொல்லல. ஜோன்ஸ் கதையை மட்டும் சொன்னேன். "யாரு, அந்த ஹீரோயின் அப்பா ஆடற ஆட்டமா?" ன்னு கேட்டார்.

2020ல 12வது குழில 10 எடுத்த டைகர் வுட்ஸ் கதையை நான் பாதியில விட்டுட்டேன். மிச்சம் ஆறு குழி இருந்துது. கோப்பைக்கு வாய்ப்பே இல்ல, ஒப்புக்கு ஆடிட்டுப் போயிருக்கலாம். அந்த ஆறுல அஞ்சு குழியை பாருக்கு ஒரு அடி குறைச்சு முடிச்சார். எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு மறுபரீட்சையும் ஒரு ஆய்வேடும்.

இந்த ஞாயித்துக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸ் கிடையாது. புதன்கிழமை பரீட்சை. அதுல இருபது ஒரு மார்க் கேள்வி உண்டாம். எழுதி முடிச்சதும் வந்து சொல்றேன்.